மழுங்கல் சான்றிதழ்

பிளேடு தீர்ந்துபோனதா இல்லையா என்பதை நுரையண்ணன் பிளேடைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. சவரம் செய்துகொள்கிறவரின் காலைப் பார்ப்பார். புது பிளேடு என்றால் கால் கட்டைவிரல் தூங்கும். நாலாவது ஆளுக்கு லேசாக ஒரு துடிப்பு வரும். ஆறாவது ஆளுக்கு விரல் மெல்ல நிமிரும். நிமிர்ந்துவிட்டால் பிளேடைக் கழற்றிக் கடாசிவிட வேண்டியதுதான், அதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

சொந்தமாக முடிதிருத்தும் கடை வைத்திருந்த பதினாறு வருடமும் அவர் இப்படித்தான் தொழில் செய்தார். மாதம் பிறந்தால் சம்பளம், வயதானால் பென்ஷன் என்று மனைவி காதில் ஓதிக்கொண்டே இருந்ததில் கடையை விட்டுவிட்டு அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஆண்கள் அறுவை வார்டில், சர்ஜன் கத்தி வைக்கப்போகிற இடத்தில் முடியை மழித்துக் கொடுக்கிற வேலை. பதவியின் பெயர் நியமன உத்தரவில் இரண்டு வரிக்கு நீண்டது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் மழித்த இடத்தில் முடி மறுபடி முளைத்துவிடும் என்பதால் நர்ஸுகள் அவரை நுரையண்ணன் என்று கூப்பிட்டார்கள். மற்றவர்கள் பூசுவதைப்போல மூன்று மடங்கு சோப்பு நுரை பூசுவார். மொக்கை பிளேடுக்கு இருக்கிற ஒரே மருந்து நுரைதான், ஆஸ்பத்திரியில் அவருக்கு வாய்த்ததோ மொக்கை பிளேடு.

ஏனென்றால் அங்கே பிளேடு மாற்றுவது சவரக்காரர் முடிவு செய்கிற விஷயம் இல்லை. அதற்கென்று பிளேடு ஆயுள் மதிப்பீட்டுப் பிரிவு என்று ஒன்று இருந்தது. எப்போதோ ஒரு தணிக்கையில், ஒரே மாதத்தில் இத்தனை பிளேடா என்று யாரோ ஒருவர் தாளின் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்விக்குறிக்குப் பதில் எழுத ஒரு குமாஸ்தாவைப் போட்டார்கள். குமாஸ்தாவைக் கவனிக்க ஒருவர், கவனிக்கிறவரைக் கண்காணிக்க ஒருவர் என்று வளர்ந்து ஒன்றரை வருடத்தில் பதினோரு பேர் ஆகிவிட்டது. அவர்களுக்கு இரண்டு அறை, நாலாயிரம் புது பிளேடுகள் உறங்கும் ஓர் இரும்புப் பெட்டி, பெட்டிக்கு இரண்டு சாவி. பிளேடு துருப்பிடிக்கக் கூடாது என்று இரண்டு அறைக்கும் ஏசி போட்டிருந்தார்கள். தீக்காய வார்டில் மின்விசிறி ஓடாது, ஆனால் பிளேடுகள் சௌக்கியமாக இருந்தன.

கையிலிருக்கும் பிளேடு மழுங்கிவிட்டது என்று அந்தப் பிரிவு சான்றிதழ் கொடுத்தால்தான் பெட்டியிலிருந்து அடுத்த பிளேடு வெளியே வரும். இன்றுவரை ஒரு சான்றிதழ்கூடக் கொடுத்ததில்லை என்பது பிரிவின் பெருமை. நுரையண்ணனுக்கு முன்னால் இருந்தவர் ஒரே பிளேடோடு ஒரு வருடம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு ஒரு நாள் அதை இரண்டாக உடைத்துப் போட்டார். அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தினார் என்று வேலையை விட்டே தூக்கிவிட்டார்கள். அந்தக் காலி இடத்துக்குத்தான் நுரையண்ணன் வந்தார். முதல் நாள் கையெழுத்துப் போட்டு வாங்கிய பிளேடு இப்போது நூற்று நாற்பத்து மூன்று சவரம் பார்த்துவிட்டது. ஒவ்வொரு சவரத்துக்கும் பதிவேட்டில் எண் உண்டு. ஒருவருக்கு முடிந்ததும் ஸ்பிரிட்டில் முக்கி எடுத்தால் அடுத்தவருக்குச் சுத்தம்.

நூற்று நாற்பத்து மூன்று பேரின் கட்டைவிரலையும் பார்த்தவர் அவர். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சம்பளம் வருகிறது, பென்ஷன் வரும், நுரை இருக்கிறது என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார். மச்சினனுக்கு ஆபரேஷன் தேதி கிடைத்த அன்றுதான் அவருக்குத் தூக்கம் போனது.

மச்சினன் என்றால் மனைவியின் ஒரே தம்பி. லாரி ஓட்டுகிறவன். பாரம் ஏற்றி இறக்கி அடிவயிற்றில் குடல் இறங்கிவிட்டது. நின்றால் வீக்கம் எலுமிச்சை அளவு, இருமினால் முட்டை அளவு. ஒன்பது மாதம் காத்திருந்து கிடைத்த தேதி, இன்னும் பத்து நாளில். சர்ஜன் அவனைத் தட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற நுரையண்ணனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"இவருக்குச் சர்க்கரை ஏகத்துக்கு இருக்கு. தோல்ல ஒரு கீறல் இருந்தாலும் நான் கத்திய வைக்க மாட்டேன். இந்த உடம்புல கீறல் சீழ் பிடிச்சா ஆளையே கொண்டுபோயிடும், பாத்துக்குங்க."

இதை வீட்டில் வந்து சொன்னதும் மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவளுக்குப் பதினான்கு வயதாகும்போது தாய் போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். "நீங்கதானே அவனுக்குப் பண்ணப் போறீங்க, அப்புறம் என்ன" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தாள். நுரையண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே அவர் மழுங்கல் மனு வாங்கப் போனார். ஆறு பக்கம். ஒன்பதாவது கேள்வி, பிளேடு மழுங்கியது தங்களுக்கு எப்படித் தெரிய வந்தது என்று கேட்டது. அவர் உண்மையான மனிதர். கட்டைவிரல் என்று எழுதினார். குமாஸ்தா அதைப் படித்துவிட்டு, யாருடைய கட்டைவிரல், இடதா வலதா, அந்த விரலுக்கு அளவீட்டுத் தகுதி உண்டா என்று தனித்தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தார். கட்டைவிரலுக்குத் தகுதி இல்லை என்று குறிப்பு எழுதி, ஆளை உள்ளே பிரிவின் தலைவரான ஆயுள் அதிகாரியிடம் அனுப்பினார்கள்.

ஆயுள் அதிகாரிக்கு நெஞ்சு வரை தாடி. பிறந்ததிலிருந்து முகத்தில் பிளேடு பட்டதே இல்லை. பிளேடு விஷயத்தில் பாரபட்சம் இல்லாத ஆள் வேண்டும் என்று தேடித்தான் அவரை நியமித்தார்களாம். தாடியை நீவிக்கொண்டே அவர் பொறுமையாக விளக்கினார்.

"மழுக்கம்ங்கறது ஒரு உணர்ச்சி. உங்களுக்கு மழுங்கினதா தோணும், இன்னொருத்தருக்குத் தோணாது. உணர்ச்சிய நம்பி அரசாங்கம் பிளேடு குடுக்க முடியுமா?"

"மழிச்சுக்கறவங்களுக்கு வலிக்குதுங்க ஐயா."

"வலியும் உணர்ச்சிதான்" என்றார் அதிகாரி. "நமக்கு வேண்டியது ஆதாரம்."

ஆதாரம் எடுக்கிற முறை விதிப் புத்தகத்தில் தெளிவாக இருந்தது. நுரை போடாமல், முழு அழுத்தம் கொடுத்து, மூன்று இழுப்பு. பிறகு அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் துணியை வைத்து முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். துணி வெள்ளையாகவே இருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது, புது பிளேடு வாங்கிக்கொள்ளலாம். துணியில் சிவப்பு இருந்தால் பிளேடு கூர். நுரையண்ணன் இதை இரண்டு தடவை சொல்லக் கேட்டார். தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தார்.

நூற்று நாற்பத்து நாலாவது சவரம் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு வாய்த்தது. சிறுநீர்க்கல். பிரிவிலிருந்து துணி ஆய்வாளர் வந்திருந்தார். ஒல்லியான, பணிவான மனிதர். கஞ்சி போட்டு மடித்த வெள்ளைத் துணிகளை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். தபால்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடங்கலாம் என்றார். முதல் இழுப்பில் தபால்காரரின் இரண்டு கட்டைவிரல்களும் விட்டத்தைப் பார்த்து நிமிர்ந்தன. மூன்றாவது இழுப்பில் அவர், ஆபரேஷன் முடிஞ்சிருச்சா தம்பி என்று கேட்டார். ஆய்வாளர் துணியை வைத்து முப்பது எண்ணி எடுத்தார். ஏழு சிவப்புப் புள்ளிகள்.

அன்று மாலையே நுரையண்ணன் கையில் கூர்மைச் சான்றிதழ் வந்துவிட்டது. கூடவே ஒரு பாராட்டுக் கடிதம். நூற்று நாற்பத்து நாலாவது சவரத்திலும் ஏழு புள்ளி எடுக்கும் அளவுக்குப் பிளேடைப் பராமரித்ததற்காக. அவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். முடியை வெட்டாமல் பிடித்து இழுப்பதால்தான் ரத்தம் வருகிறது, நல்ல பிளேடு என்றால் ரத்தமே வராது என்று தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தார்.

"நீங்க சொல்றத நீங்களே யோசிச்சுப் பாருங்க" என்றார் அதிகாரி. "ரத்தம் வந்துச்சுன்னா தோலு வெட்டுப்பட்டிருக்கு. தோலையே வெட்டற பிளேடு முடிய வெட்டாதா? முடி என்ன தோலவிடக் கெட்டியா? பதினாறு வருஷம் தொழில் பண்ணவரு இப்படிப் பேசலாமா?"

வேண்டுமானால் மறு ஆய்வு கேட்கலாம் என்றார். கேட்காவிட்டாலும் விதிப்படி அது தானாகவே நடக்கும். முதல் சோதனை நடந்ததிலிருந்து எட்டாம் நாள் காலை, அந்த நேரத்தில் வார்டில் எந்த நோயாளி இருக்கிறாரோ அவர்மேல். நுரையண்ணன் விரல் விட்டு எண்ணினார். எட்டாம் நாள் காலை மச்சினனின் நாள். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். திரும்ப வாங்கினால் அது பொய் மனு ஆகிவிடும், பொய் மனுவுக்கு வேலை போகும், அப்புறம் அந்த இடத்துக்கு ஆள் வரும்வரை யாருக்கும் சவரமும் இல்லை ஆபரேஷனும் இல்லை என்று குமாஸ்தா அனுதாபத்தோடு சொன்னார்.

வீட்டிலேயே மழித்துக் கூட்டிவரலாமா என்று பார்த்தார். வீட்டில் மழித்த நோயாளியை வார்டில் சேர்ப்பதில்லை. மச்சினனே தனக்குத்தானே செய்துகொள்ளலாமா என்றால், நோயாளி கையில் பிளேடு கொடுக்கக் கூடாது. கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் பிளேடைத் தேய்த்தால் கொஞ்சம் உயிர் வரும் என்று கடைக்காலத்துப் பழக்கம் ஒன்று உண்டு. ஒரு மதியம் முழுக்கத் தேய்த்தார். டம்ளரில் கீறல் விழுந்ததே தவிர பிளேடு திருந்தவில்லை. நூற்றைம்பதாவது ஆள் ஒரு குஸ்திக்காரர். அவரே அழுதார்.

கடைசியில், தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒரு டீ விலைகூட இல்லாத ஒரு புது பிளேடை வாங்கினார். சோப்புக் கட்டியை நடுவில் பிளந்து உள்ளே வைத்து, ஈரக்கையால் தடவி ஒட்டி, சோப்புப் பெட்டியில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். நாற்பத்தேழு வயதில் முதல் தடவையாகத் திருடன் மாதிரி வியர்த்தது. வாசல் காவலர் சோப்பை முகர்ந்து பார்த்தார், அப்புறம் முறுக்குப் பிழிகிற மாதிரி இரண்டு கையாலும் திருகினார். நுரையண்ணன் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார். முந்தைய சவரக்காரரும் சோப்பில்தான் வைத்துப் பார்த்தாராம்.

விசாரணையை அதிகாரியே நடத்தினார். பதினோரு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் கடத்தல் பிளேடு. மச்சினனின் சர்க்கரையைப் பற்றி நுரையண்ணன் சொல்லச் சொல்ல அதிகாரியின் முகம் இறுகிக்கொண்டே போனது.

"அதாவது உங்க மச்சினனுக்குப் புது பிளேடு, ஊரான் வீட்டுப் பிள்ளைக்குப் பழசு" என்றார். "இதுக்குப் பேரு என்ன தெரியுமா? பாகுபாடு. இந்த ஆஸ்பத்திரியில பணக்காரன் ஏழை, பெரியவன் சின்னவன் எல்லாருக்கும் ஒரே பிளேடு. பேச்சுக்குச் சொல்லல. நெசமாவே ஒரே பிளேடு. வேற எங்கயாவது இப்படி ஒரு சமத்துவத்த நீங்க காட்ட முடியுமா?"

பதினோரு பேரும் தலையாட்டினார்கள். துணி ஆய்வாளர் மட்டும் கொஞ்சம் தாமதித்து ஆட்டினார். முதல் குற்றம் என்பதால் மன்னித்து, எழுத்தில் எச்சரித்து, கடத்தல் பிளேடை ஆதாரமாக இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். பெட்டியில் இப்போது நாலாயிரத்து ஒன்று.

எட்டாம் நாள் காலை மச்சினன் கட்டிலில் நீட்டிப் படுத்திருந்தான். சட்டையில்லாத உடம்பு, முகம் அன்றுதான் மழித்துப் பளிச்சென்று இருந்தது. சேர்க்கைப் படம் எடுக்கும்போது தாடி இருக்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. அதற்கு மட்டும் வீட்டில் மழித்துக்கொள்ளலாம். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதால் சிரித்துக்கொண்டே இருந்தான். நுரையண்ணன் வெந்நீரில் நனைத்த துண்டை அடிவயிற்றில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். முடி மெத்தென்று ஆகட்டும். பிரஷ்ஷைச் சுழற்றி ஒரு கிண்ணம் நிறைய நுரை எடுத்தார். பூசப் போகும்போது துணி ஆய்வாளர் தொண்டையைச் செருமினார்.

மறு ஆய்வு, நுரை கூடாது என்றார். தனக்கும் ஒரு மச்சினன் இருக்கிறான், மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் முதல் மூன்று இழுப்பு விதிப்படி நடந்தால்தான் தன்னால் முத்திரை போட முடியும், முத்திரை இல்லாமல் சர்ஜன் தொடமாட்டார், அடுத்த தேதிக்கு மறுபடி ஒன்பது மாதம் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. நுரையண்ணன் அவர் காலைப் பிடிக்கக் குனிந்தார். ஆய்வாளர் கூச்சத்தோடு காலைக் கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"இழுங்க மாமா" என்றான் மச்சினன். "ஒம்பது மாசம் என்னால தாங்காது. மூணு இழுப்புதானே. பல்லக் கடிச்சுக்கறேன்."

இழுத்தார். முதல் தடவை மெதுவாக. அழுத்தம் போதாது, செல்லாது என்று ஆய்வாளர் அடித்து எழுதினார். அதனால் அவனுக்கு மட்டும் மூன்றுக்குப் பதில் நாலு. நுரையண்ணன் காலைப் பார்க்கக் கூடாது என்று எவ்வளவோ முயன்றார், கண் பழக்கதோஷத்தில் அங்கேதான் போனது. கட்டைவிரல் வில் மாதிரி வளைந்து நின்றது. மச்சினன் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. முப்பது எண்ணி எடுத்த துணியில் பதிமூன்று புள்ளி.

கூர், மிகக் கூர் என்று ஆய்வாளர் எழுதி முத்திரை போட்டார். கை கழுவிக்கொண்டு வந்த சர்ஜன் அடிவயிற்றைப் பார்த்தார், நுரையண்ணனைப் பார்த்தார், ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். இது ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நுரையண்ணன் வெளியே வந்து மனைவியிடம் தேதி தள்ளிப்போயிருக்கிறது என்று மட்டும் சொன்னார். பூசி மெழுகக்கூட அவருக்குத் தெம்பில்லை.

காயம் ஆறவில்லை. மூன்றாம் நாள் சிவந்தது, நாலாம் நாள் சீழ் கோத்தது, ஆறாம் நாள் காய்ச்சல் ஏறியது. மருந்துக்கு மேல் மருந்து ஏற்றினார்கள். சர்க்கரை உடம்பு எதையும் கேட்கவில்லை. விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஒன்பதாம் நாள் மத்தியானம், அக்கா தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்த நேரத்தில், மச்சினன் போய்விட்டான்.

மனைவி அழுது தீர்த்துவிட்டு, அழுகை ஓய்ந்த இடத்தில் அவரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்கதானே பண்ணீங்க?"

ஆமாம் என்றார். அதற்குப் பிறகு அவள் அவரிடம் பேசவில்லை. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கையை வெட்டிப்போட்டால் தேவலை என்றிருந்தது.

ஆயுள் அதிகாரி நேரில் வந்து துக்கம் விசாரித்தார். அப்படி வர வேண்டும் என்று விதி இல்லை, மனிதாபிமானத்தில் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து தாடியை மடியில் ஒழுங்குபடுத்திக்கொண்டார்.

"உங்க வருத்தம் புரியுது. ஆனா ஒரு விஷயத்துல நீங்க ஆறுதல் பட்டுக்கலாம். பிளேடு மேல ஒரு குத்தமும் இல்ல. பதிமூணு புள்ளி, ரெக்கார்டுல இருக்கு. அவ்வளவு கூரான பிளேடு. இதுவே மொக்கை பிளேடால செத்தாருன்னா உங்களுக்கும் அசிங்கம், எங்களுக்கும் அசிங்கம் பாருங்க."

நுரையண்ணனுக்கு அவரை அடிக்க வேண்டும் என்று தோன்றியது. பென்ஷன் என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றியதற்காகத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் என்று மூன்றாவதாகத் தோன்றியது.

உடலை வாங்கப் போன இடத்தில் ஒரு சிக்கல். பிணவறைக் குமாஸ்தா சேர்க்கைப் படத்தையும் மச்சினன் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். படத்தில் தாடி இல்லை, உடலில் ஒன்பது நாள் தாடி இருக்கிறது. ஒப்பிட முடியாததால் ஒப்படைக்க முடியாது. முகம் மழித்துக் கொண்டுவந்தால் கொடுக்கலாம். மழிக்க வேண்டியது ஆஸ்பத்திரிச் சவரக்காரர், ஆஸ்பத்திரிப் பிளேடால். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நுரையண்ணன் வார்டுக்குப் போய் ரேசரை எடுத்து வந்தார். நூற்று எண்பத்து ஒன்றாவது சவரம். பதிவேட்டில் எண் போட வேண்டும் என்பதால் துணி ஆய்வாளரும் தகரப் பெட்டியோடு கூடவே வந்தார். சில்லென்ற அறை, தகர மேசை, மேசைக்கு மேல் ஒரு குழல் விளக்கு. நுரை எடுக்கக் கிண்ணம் கொண்டுவர நுரையண்ணன் மறந்துவிட்டார். அவர் வாழ்க்கையில் நுரையை மறந்தது அன்று ஒரு நாள்தான். மச்சினனின் இடது கன்னத்தில் பிளேடை வைத்தார். கையில் கணக்கு இல்லை, உடம்பின் பாரம் முழுக்கக் கையில் இறங்கியிருந்தது. இழுத்தார். முடி வரவில்லை. மறுபடி இழுத்தார். மூன்றாவது தடவை இழுத்துவிட்டு, முடியாமல், மேசை விளிம்பில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

ஆய்வாளர் பழக்கத்தில் துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்து எண்ண ஆரம்பித்திருந்தார். முப்பது எண்ணி எடுத்துப் பார்த்தார். விளக்கில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். துணி வெள்ளையாக இருந்தது.

ஆய்வாளர் இன்னொரு துணி எடுத்தார். அதுவும் வெள்ளை. நுரை இல்லை, முழு அழுத்தம், மூன்று இழுப்பு, ரத்தம் இல்லை. விதியில் எழுத்துக்கு எழுத்து இருந்தது. நோயாளி உயிரோடு இருக்க வேண்டும் என்று எந்த உட்பிரிவிலும் இல்லை. ஆய்வாளர் அறையை விட்டு ஓடினார். பணிவான அந்த மனிதர் ஓடி ஆஸ்பத்திரியில் யாரும் பார்த்ததில்லை.

பத்தே நிமிடத்தில் பதினோரு பேரும் பிணவறையில் கூடிவிட்டார்கள். இடம் போதாமல் இரண்டு பேர் பக்கத்து மேசைக்கு அந்தப் புறம் போய் நின்றார்கள். அதிகாரி துணியைக் கையில் வாங்கிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"பிரிவு மேல எத்தனை பேர் சேற்ற வாரி இறைச்சாங்க. மழுங்கல் சான்றிதழே குடுக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க. முறையா நடந்துக்கிட்டா கிடைக்கும்னு நான் அப்பவே சொன்னேன்." நுரையண்ணனின் தோளைத் தட்டினார். "உங்க ஒத்துழைப்பு இல்லன்னா இது நடந்திருக்காது."

இறந்தவரின் ஒத்துழைப்பையும் குறிப்பில் சேர்க்கும்படி குமாஸ்தாவிடம் சொன்னார். சான்றிதழ் அங்கேயே எழுதப்பட்டது, எழுத வேறு இடம் இல்லாததால் மச்சினனின் கால்மாட்டில் தகர மேசைமேல் வைத்து. பழைய பிளேடைப் பஞ்சில் பொதிந்து ஒரு சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டார்கள். சாவிக்கு ஒருவராக இரண்டு பேர் போய் இரும்புப் பெட்டியைத் திறந்து புது பிளேடு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக இருந்தது அதுதான். உறையில் கொஞ்சம் சோப்பு ஒட்டியிருந்தது.

அவர்கள் பேசிக்கொண்டே கலைந்து போனார்கள். ஆய்வாளர் மட்டும் பதிவேட்டோடு நின்றார். நுரையண்ணன் பிளேடை ரேசரில் மாட்டினார். வெளியே போய் வெந்நீரும் கிண்ணமும் கொண்டுவந்தார். பிரஷ்ஷைச் சுழற்றி நுரை எடுத்து, மச்சினனின் முகம் முழுக்கப் பூசினார், வழக்கம்போல மூன்று மடங்கு. வலது கன்னத்தில் பிளேடை வைத்து ஒரே இழுப்பு. சத்தமே இல்லாமல், வெண்ணெயில் போவதுபோல் போனது. ஒரு கீறல் விழவில்லை. மேலுதடு, தாடை, தொண்டைக்குழி என்று ஒவ்வொரு இடமாக நிதானமாக மழித்தார். பழைய பிளேடு சிராய்த்துவைத்த இடது கன்னத்தைக் கடைசியாக எடுத்துக்கொண்டு அதையும் சரிசெய்தார். துண்டை நனைத்து முகத்தைத் துடைத்துவிட்டார். படத்தில் இருந்ததைப்போலவே இருந்தான்.

ஆய்வாளர் புதுப் பக்கம் புரட்டி, எண் ஒன்று என்று எழுதினார். அடுத்த கட்டத்தை நிரப்ப அவருக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மழிச்சுக்கிட்டவர் தரப்புல ஏதாவது புகார் உண்டுங்களா?"

நுரையண்ணன் மேசையின் அந்தப் பக்கம் பார்த்தார். போர்த்திய துணிக்கு வெளியே இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. வலது கட்டைவிரலில் நூலால் ஓர் அட்டை கட்டியிருந்தார்கள். அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் அசையவில்லை.

"இல்லைங்க" என்றார்.